கேஜில் 6.5, பிஸ்டனில் ஓட்டை: நைட்ரஸ் வண்டிக்குப் பெட்ரோல் லைன் போட்ட அனுபவங்கள்

நைட்ரஸ் (எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தந்து திறனை ஏற்றும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) போட்ட கார்புரேட்டர் வண்டி ஓட்டுபவர்கள் உங்கள் பெட்ரோல் லைன் கதைகளைக் கீழே எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி கால் மைல் ஓட்டத்துக்கு மட்டும். வி8 எஞ்சின், மேலே நாலு பேரல் ஹோலி கார்புரேட்டர், அதற்கு அடியில் பிளேட் வகை நைட்ரஸ். எஞ்சின் தன் பலத்தில் 500 குதிரைத்திறன் பக்கம் தரும், நைட்ரஸ் ஜெட்டை (எவ்வளவு பாயும் என்று தீர்மானிக்கும் சின்னத் துளை) கூடுதலாக 200 குதிரைத்திறனுக்குப் போட்டிருந்தேன். பிளேட் பார்க்காதவர்களுக்காக: கார்புரேட்டருக்கும் இன்டேக்குக்கும் நடுவே உட்காரும் ஒரு தட்டு அது. அதில் குறுக்கே துளை போட்ட குழாய்கள் இருக்கும், ஒன்று நைட்ரஸைப் பீய்ச்சும், இன்னொன்று அதற்கு ஈடான பெட்ரோலைப் பீய்ச்சும். இரண்டுக்கும் தனித்தனி சொலினாய்டு, அதாவது மின்சாரத்தில் திறக்கும் வால்வு. பட்டனை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகத் திறக்கும்.

நைட்ரஸ் தானாக எரியாது, எரிப்பதற்கு ஆக்சிஜன் கொண்டுவரும், அவ்வளவுதான். எடையில் பார்த்தால் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36. அந்த ஆக்சிஜனுக்குச் சரியான பெட்ரோல் போய்ச் சேராவிட்டால் அலுமினியப் பிஸ்டன்தான் விலை கொடுக்கும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கவிழ்ந்தேன்.

பின்னால் டேங்க், அதன் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப், பம்ப்புக்கு ஒட்டினாற்போல அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். அங்கே இடம் இருந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது, அதனால் அங்கே வைத்தேன். அங்கிருந்து 12 அடி லைன் முன்னால் வந்து ஒரு ஒய் பிளாக்கில் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கு, இன்னொன்று நைட்ரஸ் பெட்ரோல் சொலினாய்டுக்கு. ஷெட்டில் பம்பை ஓடவிட்டு கேஜைப் பார்த்து 6.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) வைத்துவிட்டு, முள் அசையவில்லை என்ற திருப்தியில் தூங்கப் போனேன்.

நைட்ரஸ் இல்லாமல் ஓடியபோது ஒரு குறையும் இல்லை. நைட்ரஸோடு முதல் இரண்டு ஓட்டத்திலும் வண்டி கிளம்பும்போது லேசாக ஒரு திக்கல், பிறகு சரியாகிவிட்டது, டயர் வழுக்கியதாக நினைத்துக்கொண்டேன். மூன்றாவது ஓட்டத்தில் கிளம்பி இரண்டு நொடிக்குள் ‘பட்’டென்று ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை. ஹெட்டைக் கழற்றினால் ஏழாவது பிஸ்டனின் ஓரம் மெழுகு மாதிரி உருகி வழிந்திருக்கிறது. மற்ற பிளக்குகளின் வெள்ளைப் பீங்கானில் உப்புத் தூவினதுபோல அலுமினியப் பொடி.

அப்புறம்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒரு அடி நீளப் பெட்ரோல் தண்டுக்கு 1 ஜி-யில் (புவியீர்ப்பு அளவு முடுக்கத்தில்) சுமார் 0.32 பி.எஸ்.ஐ. அழுத்தம். வண்டி 1.5 ஜி-யில் கிளம்புகிறது, லைன் 12 அடி, பெட்ரோல் முன்னால் போக வேண்டும், ஆனால் வேகம் அதைப் பின்னால் தள்ளுகிறது. 12 × 0.32 × 1.5, கிட்டத்தட்ட 5.8. பின்னால் நான் வைத்த 6.5-இல் முன்னால் மிஞ்சுவது முக்கால் பி.எஸ்.ஐ.-தான்! அதுவும் லைனில் உரசிக் குறைவதைக் கழிக்காமல்.

அப்படியானால் நைட்ரஸ் இல்லாமல் எப்படி ஓடியது? கார்புரேட்டருக்கு மிதவைக் கிண்ணம் இருக்கிறது, வீட்டு மாடித் தொட்டி மாதிரி. குழாயில் இரண்டு நொடி வராவிட்டாலும் கிண்ணத்தில் இருப்பதை வைத்து எஞ்சின் ஒப்பேற்றிவிடும். நைட்ரஸ் பக்கத்துப் பெட்ரோலுக்குத் தொட்டியே கிடையாது, அந்த நொடி லைனில் என்ன அழுத்தமோ அதுதான் ஜெட் வழியே போகும். நைட்ரஸ் பாட்டிலோ 900-க்கு மேல் பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு தன் பங்கைக் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு கணக்கும் அன்றுதான் உறைத்தது. ஜெட் வழியே போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாட்டில் 950-இலிருந்து 900-க்கு இறங்கினால் நைட்ரஸ் 3 சதவீதம்கூடக் குறையாது. பெட்ரோல் 6-இலிருந்து 5-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 9 சதவீதம் போய்விடும், 4-க்கு இறங்கினால் 18. பாட்டில் கேஜை ஐந்து பேர் கூடி நின்று பார்க்கிறோம், பெட்ரோல் கேஜை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கள்.

———

நண்பரே, பிஸ்டனுக்கு வருத்தங்கள். எனக்கு இதற்கு நேர் எதிர். கிளம்பும்போது அருமையாகக் கிளம்பும், முக்கால் தூரம் போனதும் வண்டி படுத்துவிடும். பம்பை மாற்றினேன், பெரிய ஃபில்டர் போட்டேன், கார்புரேட்டரில் பெட்ரோலை உள்ளே விடும் நீடில் அண்ட் சீட்டைப் பெரிதாக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஓட்டம் முடிந்து திரும்பியதும் டேங்க் மூடியைத் திறந்தேன், ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தது. வென்ட் குழாயில் இருந்த வால்வு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது! பெட்ரோல் வெளியே போகப் போக டேங்க்குக்குள் காற்று வர வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, பம்ப் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அதற்குள் எத்தனை பாகம் மாற்றியிருந்தேன் என்று வீட்டில் சொல்லவில்லை.

———

பம்ப் பேச்சு வந்ததால் ஒரு கணக்கு. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதியவரின் 700-க்கு 350 பவுண்டு, அதாவது மணிக்கு 215 லிட்டர் பக்கம். நைட்ரஸ் பக்கத்தை எல்லோரும் கொஞ்சம் ரிச்சாகத்தான் (பெட்ரோல் கூடுதலாக) வைப்போம், ஆகவே அதற்கும் மேல். ஆனால் 10 நொடி ஓட்டத்தில் மொத்தம் செலவாவது 0.6 லிட்டர்தான். டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அந்த நொடியில் எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாமே. பம்ப் அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், பாதிப் பம்ப்புகளுக்கு அது எதிரழுத்தமே இல்லாமல் திறந்த குழாயில் அளந்தது. அழுத்தம் ஏற ஏற அளவு சரியும்.

அதோடு வோல்டேஜ். நான் எடை குறைக்கிறேன் என்று ஆல்டர்னேட்டரைக் கழற்றியவன். காலையில் வண்டி நன்றாக ஓடும், மாலையாக ஆக மந்தமாகும், நான் வெயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பம்ப் ஓடும்போது பேட்டரியில் 12.4 வோல்ட், பம்ப்பின் முனையில் அளந்தால் 10.9. ஒல்லி வயரில் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது, எர்த்தும் பெயின்ட் அடித்த சேஸிஸில் பெயருக்கு ஒரு திருகு. பின்னாலேயே ஒரு ரிலே வைத்து, கனமான வயரை பேட்டரியிலிருந்து நேரே இழுத்து, எர்த்தையும் பேட்டரிக்கே கொண்டுபோனேன். அதே பம்ப் வேறு பம்ப் மாதிரி சத்தம் போட்டது.

———

நான் சொல்லப்போவதைக் கேட்டுத் திட்டுவீர்கள். என் வண்டியில் பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் இருந்தது. 5 பி.எஸ்.ஐ.-க்கு வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது நைட்ரஸை வெட்டிவிடும். சுவிட்ச் பழுது என்று முடிவு கட்டி, இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். அன்றைக்கு வண்டி பறந்தது, ஒரே ஒரு ஓட்டம். இரண்டு பிஸ்டன், ஒரு ஹெட். சுவிட்ச் பழுதில்லை, அது ஒன்றுதான் வண்டியில் உண்மை பேசியது.

———

இதெல்லாம் படித்துவிட்டு ஒருவர் தனிச் செய்தியில் ஃப்ளோ டெஸ்ட், அதாவது பெட்ரோல் பாயும்போதே அழுத்தத்தை அளப்பது, எப்படி என்று கேட்டார், எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதுகிறேன்.

நான் நைட்ரஸுக்குத் தனி பெட்ரோல் அமைப்பே வைத்துவிட்டேன். முன்னால் பம்பர் பக்கம் 4 லிட்டர் சின்ன டேங்க், அதற்கென்று தனி பம்ப், தனி ரெகுலேட்டர், உள்ளே அதிக ஆக்டேன் ரேஸ் பெட்ரோல் மட்டும். டேங்க் முன்னால் இருப்பதால் கிளம்பும் வேகமே பெட்ரோலை எஞ்சின் பக்கம் தள்ளிக்கொடுக்கிறது. கார்புரேட்டர் எவ்வளவு குடித்தாலும் நைட்ரஸின் பங்கில் கை வைக்க முடியாது. எடையும் வேலையும் கூடுதல்தான். சின்ன ஷாட்டுக்கு (நைட்ரஸ் தரும் கூடுதல் திறன்), சொல்லப்போனால் 100 குதிரைத்திறனுக்கு, இது தேவையே இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

டெஸ்ட் இதுதான். நைட்ரஸ் பாட்டிலை மூடி, லைனில் மிச்சம் இருப்பதை வெளியே விட்டுவிடுங்கள். பெட்ரோல் சொலினாய்டிலிருந்து பிளேட்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் முனையில் ஓட்டத்துக்குப் போடப்போகும் அதே ஜெட்டை மாட்டி, ஒரு கேனுக்குள் விடுங்கள். பம்பை ஓடவிட்டு சொலினாய்டைத் திறந்து, பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்கும்போது ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை வையுங்கள். எனக்குப் பாயும்போது 5.5 வேண்டும், மூடியதும் கேஜ் 7-க்குப் போய் நிற்கிறது. அந்த 7-ஐ நான் கண்டுகொள்வதில்லை. ஜெட் மாற்றினால் மறுபடி டெஸ்ட், ஏனென்றால் பெரிய ஜெட் போட்டால் பாயும் அழுத்தம் இறங்கும். பிறகு கேனில் எத்தனை நொடிக்கு எவ்வளவு விழுந்தது என்று எடை போட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஃபில்டர் அடைத்ததா, பம்ப் சோர்ந்ததா என்று அந்த எண் சொல்லிவிடும்.

கூரைக்கு அடியில் செய்யாதீர்கள். திறந்தவெளி, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில், பக்கத்தில் சார்ஜர், ஹீட்டர் எதுவும் ஓடக்கூடாது. இன்னொன்று, எஞ்சின் ஓடாதபோது நைட்ரஸ் சொலினாய்டைச் சும்மா திறந்து பார்க்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. வாயு இன்டேக்கில் தேங்கி நிற்கும், அப்படியே ஸ்டார்ட் செய்தால் ஹூட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கும். பார்த்திருக்கிறேன்.

———

முதலில் எழுதியவன் மறுபடி. எல்லோருக்கும் நன்றி, வென்ட் கதையைப் படித்ததும் ஓடிப்போய் என் மூடியைத் திறந்து பார்த்தேன், அது சரியாக இருக்கிறது.

மாற்றியதைச் சொல்கிறேன். பின்னாலிருந்த ரெகுலேட்டரை எடுத்துவிட்டேன். பம்ப் இப்போது 14 பி.எஸ்.ஐ.-யை அப்படியே முன்னால் அனுப்புகிறது, ஏஎன் 8 (அரை அங்குல) லைனில். முன்னால் வந்தபிறகு இரண்டாகப் பிரிந்து கார்புரேட்டருக்கு ஒரு ரெகுலேட்டர், நைட்ரஸுக்கு ஒன்று. கிளம்பும்போது 5.8 போனாலும் 8-க்கு மேல் மிஞ்சும், ரெகுலேட்டருக்கு அது போதும். பம்ப்புக்கு முன்னால் இருந்த காகித ஃபில்டரையும் தூக்கிவிட்டு, அங்கே பெரிய துளைக் கம்பி வலையும், பம்ப்புக்குப் பின்னால் நுண்ணியதும் போட்டேன், பம்ப்பின் வாயில் இழுவை தடைபட்டால் பெட்ரோல் அங்கேயே ஆவியாகிக் குமிழி விடும் என்பதால். கூடவே நைட்ரஸ் பக்கம் ஒரு பிரஷர் சென்சார் வைத்து லாகரில் (அளவீடுகளைப் பதிவு செய்யும் கருவி) பதிகிறேன். கிளம்பும் நேரத்தில் யாராலும் கேஜைப் பார்க்க முடியாது, பார்ப்பவர் சாலையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் 100 ஜெட்டோடு, பிளக் தீப்பொறி டைமிங்கை 4 டிகிரி குறைத்து, குளிர்ந்த ரகப் பிளக் போட்டு ஓட்டினேன். லாகரில் பாயும் அழுத்தம் 5.6, கிளம்பியதும் அரை நொடி 5.3-க்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. பிளக்குகளில் பொடி இல்லை. 200-க்குப் போகுமுன் அந்த 0.3 எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும், சொலினாய்டு திறக்கும்போது வருகிற சரிவா, பம்ப் திணறுகிறதா என்று இன்னும் பிரிக்க முடியவில்லை.

வயரைப் பற்றி எழுதியவருக்கு: பம்ப்பின் முனையில் அளந்தேன், 11.3. நாளைக்கு ரிலே மாட்டுகிறேன்.