ஆமோஸ் 4: தண்டனையா, சிட்சையா?

தெக்கோவா:
வேதத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம், 4ஆம் அதிகாரத்தை இந்த வாரம் மறுபடி படித்தேன். இஸ்ரவேல் மக்கள்மேல் கடவுள் அனுப்பியவை வரிசையாக வருகின்றன: பஞ்சம், வறட்சி, கருகிய பயிர், கொள்ளைநோய், அழிந்த ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்" என்று 5 முறை வருகிறது. எனக்கு இது பழிவாங்கும் குரலாகப் படவில்லை. பிள்ளை வருவானா என்று வாசலைப் பார்த்துப் பார்த்து ஏமாந்த தகப்பனின் குரல். அதனால்தான் இதைத் தண்டனை என்று சொல்லாமல், சிட்சை, அதாவது திருத்துவதற்கான கண்டிப்பு என்கிறேன்.

தேன்மொழி:
மழை பெய்யாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது யார்? அதே அதிகாரம், முதல் வசனம்: இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவில் எளியவர்களை ஒடுக்கும் சீமாட்டிகளை "பாசானின் மாடுகளே" என்கிறார் ஆமோஸ். அவர்கள் வீட்டில் தானியம் இருந்திருக்கும். 2ஆம் அதிகாரத்தில் ஒரு ஜோடி செருப்புக்கு விற்கப்பட்ட ஏழை என்ன செய்வான்? அவனுக்காகக் கோபப்பட்டு அவனையே பட்டினி போடுவது சிட்சையா?

தெக்கோவா:
அந்தக் கேள்வி ஆமோசுக்கும் இருந்தது, சகோதரி. 7ஆம் அதிகாரத்தில் வெட்டுக்கிளியையும் அக்கினியையும் தரிசனமாகக் கண்டதும், யாக்கோபு (இஸ்ரவேல் மக்கள்) சிறியவன், தாங்கமாட்டான் என்று மன்றாடுகிறார். இரண்டு முறையும் கடவுள் மனம் மாறுகிறார்.

தேன்மொழி:
சரி, மூன்றாவது தரிசனம்? சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குநூல் வருகிறது, இனி விடமாட்டேன் என்கிறார் கடவுள். கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. பிறகு எருசலேமும் பாபிலோனியரிடம் விழுந்தது. அந்த அழிவைப் பாடும் புலம்பல் புத்தகம், 2ஆம் அதிகாரத்தில் தாய் மடியில் குழந்தைகள் உயிர் விடுகின்றன. அந்தக் குழந்தை யாரிடம் திரும்பாமல் போனது?

கூடல்வாசி:
குறுக்கிடுகிறேன். ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம், 10ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். அசீரியா கடவுளின் கோபத்தின் கோல். ஆனால் அந்தக் கோலுக்கே "ஐயோ" என்கிறார். அழித்தவனின் கொடுமையை இறைச்சித்தம் என்று தீர்க்கதரிசி பூசி மெழுகவில்லை.

தேன்மொழி:
அசீரியனுக்குக் கணக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கோலைப் பிடித்த கைக்கு? இது எனக்கு ஏட்டு வாதம் இல்லை, அண்ணா. என் அக்காவின் பிள்ளை இறந்த வீட்டில், கர்த்தர் சிட்சிக்கிறார் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்றிலிருந்து வேதத்தைத் திறக்கவில்லை.

தெக்கோவா:
அவர் சொன்னது தவறு. ஆமோஸ் பேசியது லஞ்சம் வாங்கிய நியாயஸ்தலத்தோடு, கள்ளத்தராசு வைத்த வியாபாரியோடு. பிள்ளையை இழந்த தாயோடு இல்லை. புலம்பல் 2-இல் உள்ள குழந்தைக்கு என்னிடம் பதில் இல்லை. ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம், 11ஆம் அதிகாரத்தில், "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று இஸ்ரவேலைப் பார்த்துக் கடவுளே தத்தளிக்கிறார். நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வசனத்தைத்தான். அக்காவிடம் இதைக்கூட இப்போது சொல்ல வேண்டாம். கூட உட்கார்ந்திருங்கள், போதும்.