இறால் உளுவையா, வளைக்காவல் உளுவையா?

அன்புடையீர், வணக்கம்.

இறாலோடு ஒரே வளையில் வாழும் சிறிய பவளத்திட்டு மீனுக்கு 'இறால் உளுவை' என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவில் 'உளுவை' என்ற பகுதியை முழுமனதாக ஏற்கிறேன். நம் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் பிடிபடும் இக்குடும்ப மீனுக்கு வழங்கும் பெயரே அது என்பதால், 'கோபி' (goby) என்ற ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்க்க வேண்டியதில்லை. 'உழுவை' என்று எழுதுவோரும் உண்டு. அது புலியையும் குறிப்பதால் ளகரமே நல்லது.

முன்சொல்லில்தான் எனக்குத் தடை. உண்ணிக்கொக்கு உண்ணியைத் தின்கிறது. பாம்புக்கழுகு பாம்பைத் தின்கிறது. இவ்வழக்கில் பழகிய காது, இறால் உளுவையை இறால் தின்னும் மீன் என்றே கொள்ளும்.

செங்கடலில் இந்த உறவை லூதர் என்ற ஆய்வாளர் 1958இல் விவரித்தார். வளை தோண்டுவதும் சரிந்த மணலை அகற்றுவதும் இறாலின் வேலை. அதற்குப் பார்வை மங்கல். ஆகவே மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது தன் நீண்ட மீசையை வாசலில் கிடக்கும் மீனின் உடலில் வைத்துக்கொள்கிறது. ஆபத்தைக் கண்ட மீன் வாலை விசுக்கென்று அசைத்ததும் இறால் உள்ளே போய்விடும். ஆபத்து இன்னும் நெருங்கினால் மீனும் தலையை முன்னிட்டு வளைக்குள் பாயும்.

'ஒண்டுக்குடி உளுவை' என்ற மாற்றும் எனக்குத் தோன்றியது. ஆனால் ஒண்டுதல் பிறர் தயவில் தங்குவது. இந்த மீனோ நாள் முழுதும் காவலிருந்து குடிக்கூலி கொடுக்கிறது. எனவே 'வளைக்காவல் உளுவை' என்பதே என் பரிந்துரை. நண்டுவளை, எலிவளை என்று வழங்குவதால் பொந்து, புற்று ஆகியவற்றைவிட வளையே பொருந்தும். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு இது பொதுப்பெயராக நிற்கும். கிரிப்டோசென்ட்ரஸ் சிங்டஸ் என்ற அறிவியல் பெயருடைய இனத்தை 'மஞ்சள் வளைக்காவல் உளுவை' எனலாம்.

வளையைத் தோண்டும் இறாலுக்கு, ஆங்கிலப் பெயரை (pistol shrimp) ஒட்டிய 'துப்பாக்கி இறால்' வேண்டாம். அது எதையும் சுடுவதில்லை. அது எழுப்பும் வெடியோசை, இடுக்கியை வேகமாக மூடும்போது உண்டாகும் நீர்க்குமிழி நொறுங்கும் ஓசையே என்று 2000இல் காட்டப்பட்டது. விரல் சொடுக்கை நினைவூட்டும் 'சொடுக்கு இறால்' போதும். மீனோடு வாழாத அதன் உறவினங்களுக்கும் அது பொருந்தும். சேர்த்து எழுதினால் 'சொடுக்கிறால்' என்றாகி, பேச்சில் 'சொடுக்கிறாள்' என்று கேட்கும். ஆகவே பிரித்தே எழுதுவோம்.