ஐந்து வயது அக்கா, இரண்டு வயது தம்பி: இருவரும் நெடுநாள் விளையாடக்கூடிய பொருள் எது?

இரு மழலையரின் தாய்:

வணக்கம். எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு ஐந்து வயது நிறையப்போகிறது. இளையவனுக்கு இரண்டு வயது. பொம்மைகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எதிலும் இருவருக்கும் மனம் ஒட்டுவதில்லை. பொத்தானை அழுத்தினால் பாடும் வண்டியும், சாவி கொடுத்தால் நடக்கும் யானையும் வந்த அன்று வீட்டையே இரண்டாக்கிவிட்டு, அந்த வாரம் முடிவதற்குள் கூடையின் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டன. மூத்தவளுக்கென்று வாங்கியதை இளையவன் கலைக்கிறான். இளையவனுக்கென்று வாங்கியதை மூத்தவள், "இது பாப்பா சாமான்" என்று ஏளனமாகச் சொல்லிக்கொண்டே பிடுங்கிக்கொள்கிறாள்.

இருவரும் சில ஆண்டுகளுக்காவது திரும்பத் திரும்ப எடுத்து விளையாடக்கூடிய பொருள் என்று ஏதேனும் உண்டா? தனித்தனியாக வாங்குவது நல்லதா, பொதுவாக வாங்குவது நல்லதா? பிறந்தநாளுக்கு என்ன வாங்கட்டும் என்று உறவினர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

சகோதரி, கூடையின் அடியில் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் சொன்ன இரண்டுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. செய்ய வேண்டியதையெல்லாம் பொம்மையே செய்துவிடுகிறது. அழுத்துவதும் பார்ப்பதும்தான் பிள்ளைக்கு மிச்சம். அழுத்தினால் என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு அதை மறுபடி எடுக்க எந்தக் காரணமும் இல்லை. எனவே பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வயதைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடாமல், இதை வைத்துக்கொண்டு இரண்டு வயதுக்காரன் என்ன செய்வான், ஐந்து வயதுக்காரி என்ன செய்வாள் என்றும் யோசித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பதில் கிடைக்குமானால் அந்தப் பொருள் உங்கள் வீட்டில் நிலைக்கும்.

அந்த வகையில் என் முதல் தேர்வு சாதாரண மரக்கட்டைகள். ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறு பிள்ளைகளுக்கான தம் நிறுவனத்தைத் தொடங்கியபோதே பந்துகளையும் மரக்கட்டைகளையும் பாடப்பொருளாக்கினார். பல மழலையர் பள்ளிகளில் இன்று காணப்படும் அலகுக் கட்டைகளை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கரோலின் பிராட் வடிவமைத்தார். அடிப்படைக் கட்டையின் கனம், அகலம், நீளம் ஆகியவை 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். இரண்டு அரைக்கட்டைகளைச் சேர்த்தால் ஒரு முழுக்கட்டை, இரண்டு முழுக்கட்டைகளைச் சேர்த்தால் ஓர் இரட்டைக்கட்டை. இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே கைக்குப் பிடிபட்டுவிடுகிறது. கட்டிய பாலம் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும்போது, நீளக்கட்டை கிடைக்காத ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு சிறியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திவிட்டு, தரையில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்ப்பதை வகுப்பில் அடிக்கடி காண்கிறேன்.

இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கட்டுவதில் அவ்வளவு நாட்டம் இராது. கட்டைகளை வாளியில் நிரப்புவது, வாளியை இழுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போவது, அங்கே கொட்டுவது, மறுபடி நிரப்புவது, இதுதான் அந்த வயதின் பெருவிருப்பம். அக்காவுக்குக் கொத்தனார் வேலையும் தம்பிக்குச் சித்தாள் வேலையும் அமைந்துவிட்டால் ஒரே குவியல் இருவருக்கும் போதும். எண்ணிக்கையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். முப்பது கட்டைகள் என்றால் இருவரும் அடித்துக்கொள்வார்கள், நூறை ஒட்டி இருந்தால் நல்லது. வளைவு, கூம்பு போன்ற அலங்கார வடிவங்கள் கொஞ்சமாகவும் நீள்சதுரக் கட்டைகள் மிகுதியாகவும் உள்ள தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டறைக்காரன்:

ஆசிரியை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மரம் என்றால் உயர்வு, பிளாஸ்டிக் என்றால் தாழ்வு என்று பெற்றோர் நினைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பொருளால் செய்தது என்பதைவிட, பிற்பாடு வாங்குவது முன்பு வாங்கியதோடு சேருமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. குமிழ்களால் ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டையான லெகோவை எடுத்துக்கொள்ளுங்கள்: 1958-இல் வெளிவந்த லெகோ கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்துகிறது. சிறு பிள்ளைகளுக்காக 1969-இல் வந்த டூப்ளோ, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆயினும் சிறிய கட்டை பெரிய கட்டையின் குமிழ்கள்மீது கச்சிதமாக உட்காரும். இன்று தம்பிக்காக வாங்கும் டூப்ளோ, நாளை இருவரும் சிறிய கட்டைகளுக்கு மாறும்போது அடித்தளமாகப் பயன்படும் என்பதால் அது வீணாவதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அட்டையில் உள்ள ஒரே ஓர் உருவத்தைக் கட்டுவதற்கென்றே விசேஷப் பாகங்கள் நிறைந்த பெட்டிகள் நிறைய உள்ளன. கட்டி முடித்ததும் அது அலமாரியில் ஏறிக் காட்சிப்பொருளாகிவிடும். தம்பியின் கை பட்டுவிட்டால் அன்று முழுவதும் அழுகை. உறவினர்கள் கேட்டால் தயங்காமல், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் தொகுப்பின் பெயரைச் சொல்லி அதற்கே கூடுதல் கட்டைகளோ சக்கரங்களோ வாங்கித் தரச் சொல்லுங்கள். ஐந்து பேர் ஐந்து விதமாக வாங்குவதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

பேரப்பிள்ளைகளின் தாத்தா:

அம்மா, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதில் பாதியைப் பரணில் ஏற்றிவிட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நடைபயிலும் வயதுக் குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் மற்றொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை வைத்துப் பல விதமாகவும் விளையாடினார்கள். எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை போல மாற்றுகிறோம். பரணிலிருந்து இறங்குவதற்குப் புதுப்பொருளுக்குரிய வரவேற்பே கிடைக்கிறது. கட்டைகளையும், பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையையும் மட்டும் ஒருபோதும் ஏற்றக்கூடாது.

பொதுவா தனித்தனியா என்று கேட்டிருந்தாய். பந்து, வண்டி, கைப்பை, குழந்தைப் பொம்மை போன்று கையில் வைத்துக்கொண்டு திரியும் பொருள்களில் இரண்டிரண்டு இருக்கட்டும். நிறம்கூட ஒன்றாக இருந்தால் நல்லது, ஏனென்றால் சிவப்பு வண்டிக்கு நடக்கும் போரை நான் பார்த்திருக்கிறேன். சொப்புச் சாமான், வைத்தியர் பெட்டி, பழைய சேலைத் துணி ஆகியவை பொதுவில் இருக்கலாம். அக்கா வைத்தியராவாள், தம்பி நோயாளியாகப் படுத்துக்கிடந்து ஊசிக்குப் பயந்து ஓடுவான், அது அவனால் முடிந்த நடிப்பு. பெரிய அட்டைப்பெட்டி வந்தால் எறிந்துவிடாதே. பேத்தி வெளியே சன்னல் வரைந்துகொண்டிருக்க, பேரன் உள்ளே புகுந்து மூடியை இழுத்துக்கொண்டு "காணோம்" என்று கத்திக்கொண்டிருப்பான். துண்டுகளைப் பொருத்தும் புதிர் அட்டைகள் இருவருக்குப் பொதுவாக உதவா. ஒரு துண்டு தொலைந்தாலே கதை முடிந்தது.

இரு மழலையரின் தாய்:

அனைவருக்கும் நன்றி. பரண் யோசனையை இன்றே செய்துவிட்டேன். ஓர் ஐயம்: மூத்தவள் காந்தத் தகடுகளும் (ஓரங்களில் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டுபவை) சிறிய கட்டைகளும் கேட்கிறாள். தம்பி எதையும் வாயில் போடும் வயதில் இருப்பதால் தயங்குகிறேன்.

குழந்தைகள் நலச் செவிலி:

உங்கள் தயக்கம் நியாயமானது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பாகம் ஏதேனும் ஒரு நிலையில் போட்டால் அதற்குள் முழுதாக அடங்கிவிடுகிறதோ, அது மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியதாகக் கருதப்படும். இதன்படி சிறிய லெகோ கட்டைகள் தம்பியின் கைக்கு எட்டக்கூடாதவை. காந்தத் தகடுகள் அளவில் பெரியவை என்றாலும் ஓரம் வெடித்தால் உள்ளிருக்கும் காந்தங்கள் வெளியே வந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கிய குழந்தையின் குடல் மடிப்புகள் அவற்றுக்கிடையே நசுங்கி ஓட்டை விழும் அபாயம் உண்டு. பற்றவைத்து மூடிய அல்லது ஆணியிட்டு இறுக்கிய விளிம்புள்ளவற்றையே வாங்குங்கள். விரிசல் கண்ட தகட்டை அன்றே அப்புறப்படுத்துங்கள்.

அந்தப் பாடும் வண்டியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதில் பட்டன் பேட்டரி இருந்தால் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். காந்தமோ பேட்டரியோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

செவிலி அவர்கள் சொன்னதோடு இடப்பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரை இருவருக்கும் பொது. தம்பிக்கு எட்டாத உயர மேசை அக்காவுக்கு மட்டும். சிறிய கட்டைகள் தம்பி தூங்கும்போது மேசையின்மேல் ஒரு தட்டத்தில் இறங்கி, அவன் எழுவதற்குள் எண்ணி உள்ளே போய்விட வேண்டும்.

இருவரும் எப்போதும் சேர்ந்தே விளையாட வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் எழுதியதில், பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்க்கும் விளையாட்டும் ஒரு வகை. இரண்டு வயதில் அதுவே இயல்பு. தரையில் ஒட்டுநாடாவால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா கட்டுவதைத் தொடக்கூடாது, இந்தப் பக்கம் தம்பி எதையும் இடிக்கலாம் என்று சொல்லிப்பாருங்கள். தம்பி கோட்டை மதிக்கமாட்டான், ஆனால் அக்கா அவன் இடிப்பதற்கென்றே இந்தப் பக்கத்தில் ஒரு கோபுரம் கட்டித் தருவாள்.