மேஜர் மார்ட்டின் விவகாரம்: உங்கள் மனசை விட்டுப் போகாத இடம் எது?

கடற்காகம்:
மின்ஸ்மீட் கதை இங்கே எல்லாருக்கும் அத்துப்படி: இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரை ஏமாற்ற, ஒரு பிணத்துக்கு மேஜர் மார்ட்டின் என்று பேரிட்டு, சீருடை மாட்டி, பொய்க் கடிதங்களோடு ஸ்பெயின் கரையில் ஒதுங்கவிட்டது பிரிட்டன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். என்னை உறுத்துவது அந்த பூட்ஸ். 1943 ஜனவரியில் இறந்தவரை ஏப்ரல் 17 வரை குளிரறையில் வைத்திருந்தார்கள். சீருடை ஏறிவிட்டது, பூட்ஸ் ஏறவில்லை. பாதமும் கணுக்காலும் கட்டையாக விறைத்துக் கிடந்தன. மரண விசாரணை அதிகாரி பென்ட்லி பர்ச்சேஸ் மின்சார ஹீட்டர் கொண்டுவரச் செய்து, கால்களை மட்டும் இளகவைத்து பூட்ஸை மாட்டவைத்தார். உறைந்த சதை இளகினால் அழுகல் வேகம் பிடிக்கும். அதனால்தான் உடலை அடைத்த உருளைக்குள் சுமார் 9.5 கிலோ உலர்பனிக்கட்டி போட்டு, காற்றில்லாமல் மூடினார்கள்.

தாழ்வாரம்:
எனக்குச் சட்டைப்பை. அதில் வங்கிக் கடிதம் ஒன்று: 79 பவுண்டு 19 ஷில்லிங் 2 பென்ஸ் ஓவர்டிராஃப்டைக் கட்டச் சொல்கிறது. கூடவே நிச்சயதார்த்த மோதிரத்துக்கு நகைக்கடை பில், நாடக டிக்கெட் துண்டுகள். திட்டத்தை நடத்திய கடற்படை உளவு அதிகாரி மாண்டேகு, ஸ்வேத்லிங் பிரபுவின் மகன்; அவருக்கு ஓர் அதிகாரியின் பையில் என்னென்ன கிடக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பை யாருடைய உடம்பில்? வீடு வாசல் இல்லாமல் எலி மருந்து தின்று செத்த கிளிண்டர் மைக்கேல். ஸ்பெயினின் ஊவெல்வா ஊரில் உள்ள கல்லறையில் அவர் பெயர் ஏற 1998 ஆயிற்று. ஐம்பத்தைந்து வருஷம்!

ஈயக்குண்டு:
கடற்காகம், பூட்ஸ் சின்ன விஷயம். திட்டம் சிக்கியிருக்க வேண்டியது எலி மருந்தின் பாஸ்பரஸில்தான். மூழ்கிச் செத்தவனாக அனுப்பியவர் உண்மையில் விஷத்தில் செத்தவர். ஸ்பெயினில் அதைக் கண்டுபிடிக்கும் ஆள் இல்லை என்று பிணப் பரிசோதனை நிபுணர் ஸ்பில்ஸ்பரி உறுதி சொன்னார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் செராஃப் நீர்மூழ்கி ஏப்ரல் 30 விடியலில் உடலைக் கடலில் விட்டது.

உறைபிரிப்பான்:
மூன்று பேரும் கடிதத்தை விட்டுவிட்டீர்களே! ஜெர்மானியர் கண்ணில் படவேண்டும் என்றே பிரிட்டிஷ் ஜெனரல் நை, இன்னொரு ஜெனரலான அலெக்சாண்டருக்கு எழுதிய கடிதம். ஸ்பானியர்கள் அரக்கு முத்திரையைத் தொடவில்லை. உறை மடிப்பின் கீழ் இடைவெளியில் மெல்லிய உலோகக் கம்பியை நுழைத்து, ஈரத்தாளை அதில் இறுகச் சுற்றி உருவினார்கள். உலர்த்தி, ஜெர்மானியருக்குக் காட்டி, மறுபடி உப்புநீரில் ஊறவைத்து அதே வழியில் திணித்தார்கள். லண்டனில் உறையைத் திறந்தபோது யாராவது பிரித்தால் தெரியட்டும் என்று உள்ளே வைத்த கண்ணிமை முடி இல்லை. அதைவிடப் பெரிய சாட்சி தாள்தான்: ஒரு மடிப்பில் இருக்க வேண்டிய இழை முறிவு இரண்டு தடமாகத் தெரிந்தது. உலர உலர, தாள் தானாகச் சுருண்டது.

பழைய கடிதம் கையில் வைத்திருப்பவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தாளை நீவிவிடாதீர்கள், நீவினால் சாட்சியே அழிந்துவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசைமட்டத்தில் படுக்கவைத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடியுங்கள். பிறகு விளக்கை அப்படியே வைத்துத் தாளைக் கால்வட்டம் திருப்புங்கள். ஒரு கோணத்தில் மறைந்த மடிப்பு அடுத்ததில் எழும். மடிப்புக்குப் பக்கத்திலேயே இணையாக இன்னொரு கோடு ஓடினால், யாரோ பிரித்து மறுபடி மடித்திருக்கிறார்கள். மடிப்பின் மேல் மை போயிருந்தால் அங்கே கவனம் வேண்டும்: மடித்த பிறகு எழுதியிருந்தால் மை முறிந்த இழைக்குள் கசிந்து பரவியிருக்கும், எழுதிய பிறகு மடித்திருந்தால் கோடு அங்கே வெடித்து உதிர்ந்திருக்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும். உறையை மறக்காதீர்கள், அதன் மூலைகளை உள்பக்கமும் பாருங்கள். கம்பி போன வழி அங்கே கீறலாக நிற்கும்.