கவுன்சலரின் பூனையைப் பற்றி நமக்கு என்ன கவலை?

தாமிரபரணி:
தங்கைக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து மனசு சரியில்லை. கவுன்சலிங் போகச் சொல்லி மகப்பேறு மருத்துவர் சொன்னார். சென்னையில் ஒரு மனநல மையத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன், பெயர் வேண்டாம். 'எங்கள் குழு' என்று ஆறு பேர் படம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் இரண்டு குழந்தைகளின் தாய், பூனைப் பிரியர், கல்லூரி நாட்களில் மனச்சோர்வைத் தாண்டி வந்தவர். இன்னொருவர் கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், ஃபில்டர் காபி இல்லாமல் பொழுது விடியாதாம். படிப்பைத் தேடினால் 'உளவியலில் முதுகலை', 'சான்றிதழ் பெற்ற தெரபிஸ்ட்'. யார் கொடுத்த சான்றிதழ்? எங்கே படித்தார்கள்? பதிவு எண் உண்டா? ஒரு வரி கூட இல்லை.

பல் பிடுங்குகிறவரிடம் உங்களுக்குச் சொத்தைப் பல் வந்ததுண்டா என்று கேட்டா போகிறோம்? இந்தச் சொந்தக் கதையெல்லாம் தகுதிக் குறைவை மூடப் போடும் பூச்சு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வரலாம்.

கீழ்ப்பாக்கத்துக்காரி:
நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர். கோபம் நியாயம்தான். ஆனால் ஆறு பேரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மாத்திரை எழுதுகிற மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலப் பிரிவில் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்திருப்பார், பழைய ஆட்கள் டி.பி.எம். டிப்ளமா வைத்திருப்பார்கள். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் போட்டே ஆக வேண்டும். எங்களைப் போன்றவர்கள் முதுகலைக்குப் பிறகு மருத்துவமனையில் மேற்பார்வையோடு இரண்டு வருடம் எம்.ஃபில். செய்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்தவர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் எங்களை ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறது. எங்கள் பெயரை ஆர்.சி.ஐ. தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

சிக்கல் 'கவுன்சலர்' என்ற பெயரில்தான். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் அவர்களில் பலரை ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. அதுவரை வார இறுதி வகுப்பு முடித்தவரும் பலகை மாட்டலாம். சரி, தண்டனையாவது பயமுறுத்துமா என்றால், 1992 ஆர்.சி.ஐ. சட்டத்தில் பதிவில்லாமல் எங்கள் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசவே பல இடங்களில் அந்த 1000 போதாது.

மழைக்காலம்:
பட்டம் இருந்தால் போதும் என்கிறவர்கள் என் கதையையும் கேளுங்கள். எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். இருபது வயதில் அம்மா ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். பட்டம், பதிவு எண், சுவர் நிறையச் சான்றிதழ், எல்லாம் முறையாக இருந்தன. 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும்' என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அதோடு ஆறு வருடம் எந்த மருத்துவரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பாலீர்ப்பை, அதாவது ஒருவருக்கு எந்தப் பாலினத்தவரைப் பிடிக்கும் என்பதை, 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கிறதா? தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து எழுதினார். அதன் பிறகுதான் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் சிகிச்சை தருவதைத் தொழில் நெறி மீறல் என்றது. அதுவரை எத்தனை எம்.டி.க்கள் அதைச் செய்தார்கள்?

இப்போது நான் பார்க்கிறவர் தன் பக்கத்தில் தானும் குயர் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன்.

தாமிரபரணி:
தோழர், உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள். 'பாலீர்ப்பை நோயாகப் பார்க்க மாட்டேன்' என்பது தொழில் நிலைப்பாடு, அதை எழுதட்டும். தான் யாரோடு வாழ்கிறார் என்பது வேறு. முதலாவது போதாதா?

மழைக்காலம்:
போதாது. நிலைப்பாட்டை யாரும் எழுதிக்கொள்ளலாம். ஜூன் மாதம் வானவில் படம் போடும் மையங்களையும் பார்த்துவிட்டேன். கட்டணம் கட்டி உட்கார்ந்த பிறகு 'அம்மா மனசையும் யோசிச்சுப் பாருங்க' என்று ஆரம்பிப்பார்கள்.

சாத்தூர் சேவு:
எங்கள் ஊர்ப்பக்கம் இந்தப் பிரச்சினையே இல்லை. டாக்டர் யார் மகன், எங்கே பெண் எடுத்தார், எந்தக் கோயிலுக்கு வரி கட்டுகிறார், மாமியாரோடு பேசுகிறாரா இல்லையா, எல்லாம் டீக்கடையிலேயே கிடைக்கும். சென்னையில் டீக்கடை சொல்வதில்லை, அதனால் பக்கத்தில் எழுதிப் போடுகிறார்கள். இதில் என்ன தப்பு? முன்பின் தெரியாத ஆளிடம் யார் மனசைத் திறப்பார்கள்?

கரும்பலகை:
சேவு அண்ணாச்சி, அந்த டீக்கடைத் தகவலுக்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் ஊர் டாக்டரிடம் போகாமல் பஸ் ஏறி மதுரைக்குப் போகிறோம். பூர்வீகம் இந்த ஊர், படித்தது இந்தப் பள்ளி, குலதெய்வம் இன்னது என்று எழுதினால் சாதியைத் தனியாக எழுத வேண்டியதே இல்லை. படிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் ஆபீசில் நடக்கிற சாதிப் பேச்சை அவரிடம் சொல்வதா, விழுங்குவதா என்று யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போகும்.

ஆனால் ஒன்று, எனக்கும் அது தெரிய வேண்டியிருக்கிறது. தெரிந்தால்தானே தவிர்க்க முடியும்? இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் நானே நிற்கிறேன்.

கீழ்ப்பாக்கத்துக்காரி:
என் பக்கத்தில் நான் திருமணமானவளா, குழந்தை உண்டா என்று எதுவும் இருக்காது. காரணம் சொல்கிறேன்.

உளப்பகுப்பாய்வு என்ற பேச்சு சிகிச்சையைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1912-இல் மருத்துவர்களுக்கு எழுதிய அறிவுரையில், மருத்துவர் ஒரு கண்ணாடி போல இருக்க வேண்டும், நோயாளி தன்னிடம் காட்டுவதைத் தவிர வேறெதையும் அவருக்குத் திருப்பிக் காட்டக்கூடாது என்றார். (அவர் அப்படி இருந்தாரா என்பது வேறு கதை. வியன்னாவில் குடும்பம் வாழ்ந்த அதே கட்டடத்தில்தான் நோயாளிகளைப் பார்த்தார், பிற்காலத்தில் அவருடைய நாயும் அறையில் படுத்திருக்கும்.) அந்த அளவுக்கு யாரும் இன்று இறுக்கமாக இருப்பதில்லை. நானும் தேவைப்பட்டால் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வேன், எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துவிட்டு. இணையப் பக்கம் அப்படிப் பார்க்காது. 'இரண்டு குழந்தைகளின் தாய்' என்ற வரியை, மூன்றாவது முறை கரு கலைந்த பெண்ணும் படிப்பாள். 'மனச்சோர்வைத் தாண்டி வந்தவர்' என்று படித்துவிட்டு வருகிற சிலர், நம்மைக் கஷ்டப்படுத்திவிடக் கூடாதே என்று பாதியை மறைத்துவிட்டு, 'நீங்க சாப்பிட்டீங்களா மேடம்' என்று நம்மைக் கவனிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அது போக, பெண் தெரபிஸ்டுகளின் இன்பாக்ஸை ஒரு வாரம் வாங்கிப் பாருங்கள். எந்த ஏரியாவில் குடியிருக்கிறோம் என்பதை ஏன் மறைக்கிறோம் என்று புரியும்.

மாத்திரைப் பெட்டி:
எனக்கு பைபோலார், மனநிலை எல்லை மீறி ஏறி இறங்கும் நோய். லித்தியம் மாத்திரை, பத்து வருடத்துக்கும் மேல். மேலே எல்லோரும் நோயாளி என்ன நினைப்பான் என்று நோயாளியைக் கேட்காமலே பேசுகிறீர்கள்.

கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பைபோலார் நோய் பற்றிய பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். 1995-இல் தனக்கும் அதே நோய் என்று புத்தகமாகவே எழுதினார். தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துகிறவர்களுக்காக டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், 17 வயதில் தான் உள்நோயாளியாக அடைபட்டிருந்த அதே மருத்துவமனைக்கு 2011-இல் போய், எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார். எனக்கு நோய் என்று தெரிந்த வருடம், 'இந்த நோயோடு வேலைக்குப் போய் வாழ்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள்' என்றுதான் டாக்டரிடம் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. பதிவு எண் இருந்தது.

கணக்குப்பிள்ளை:
லினஹன் உதாரணம் உங்களுக்கு எதிராகத்தான் போகிறது பாஸ். அவருடைய சிகிச்சையைச் சோதித்த முதல் ஆய்வு 1991-இல் வெளியானது. தன் கதையைச் சொன்னது 2011-இல், 68 வயதில். இருபது வருடம் சிகிச்சை தன் காலில் நின்றது, கதை அப்புறம் வந்தது. இங்கே கதைதான் முதலில் வருகிறது, ஆய்வும் இல்லை, பயிற்சியும் இல்லை. 'நானும் அழுதேன், அதனால் உன்னைக் குணமாக்குவேன்' என்று கிளம்பினால் ஊரில் பாதிப்பேர் தெரபிஸ்ட்தான்.

மாத்திரைப் பெட்டி:
ஏன் அத்தனை வருடம் சொல்லவில்லை என்று யோசித்தீர்களா? சொன்னால் 'பைத்தியம் கொண்டுவந்த வைத்தியம்' என்று ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் எதைத் தகுதி என்கிறீர்களோ அதுவே அவர் வாயைக் கட்டிப்போட்டது. பயிற்சி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டும் இருக்கிறவர் இரண்டையும் எழுதட்டும் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அப்படி எழுதினால் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் எண் முதல் வரியில் வர வேண்டும், பூனை கடைசி வரியில்.

தாமிரபரணி:
இன்று அந்த மையத்துக்கு போன் செய்து பதிவு எண் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் 'எல்லோரும் ரொம்ப அனுபவசாலிகள் சார்' என்றார். மறுபடி கேட்டதும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஆர்.சி.ஐ. பட்டியலில் இருவர் பெயர் இருக்கிறது. பூனைக்காரர் அதில் ஒருவர்! இதையே பக்கத்தில் போடாமல் பூனையைப் போட்டது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. தங்கையிடம் ஆறு பேர் பக்கத்தையும் காட்டினேன். பட்டத்தை அவள் பார்க்கவே இல்லை, 'இவங்களுக்குக் குழந்தை இருக்கு, இவங்ககிட்ட போறேன்' என்றாள். அது அதே பூனைக்காரர்தான், அதனால் இந்த முறை தப்பித்தோம். பதிவில்லாத நால்வரில் ஒருவரைக் காட்டியிருந்தால்?

கீழ்ப்பாக்கத்துக்காரி:
தங்கை தேர்ந்தெடுத்தவரிடமே போகட்டும், அது நல்ல தொடக்கம். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். குழந்தை தூங்கும்போதாவது அவள் தூங்குகிறாளா? யாரோ குழந்தையை ஏதோ செய்யப் போகிறார்கள் என்கிற மாதிரி சந்தேகப் பேச்சு, தன்னையோ குழந்தையையோ முடித்துக்கொள்கிற பேச்சு, சம்பந்தமில்லாத உற்சாகம், இதில் எதாவது இருந்தால் கவுன்சலரிடம் வேண்டாம், இன்றே மனநல மருத்துவரிடம் போங்கள். இரவு நேரமானால் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு. நடுவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

தாமிரபரணி:
தூக்கம் சுத்தமாக இல்லை. மற்றவை இருப்பதாகத் தெரியவில்லை, மச்சானிடம் கேட்டுப் பார்க்கிறேன். தாய்ப்பால் கொடுக்கிறாள், மாத்திரை கொடுத்தால் ஆகாது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார்.

கீழ்ப்பாக்கத்துக்காரி:
பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார், பால் கொடுப்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள், அவர் கேள்வியை அவரே கேட்கட்டும்.