திருகாணியைக் கிட்டப்போய்ப் பார்த்தவர்கள்: குமரி மாவட்ட மேக்ரோ அனுபவங்கள்

வடசேரிக்காரன்:

பூச்சி, பூ, மழைத்துளி என்று மேக்ரோ, அதாவது சின்னப் பொருளைக் கிட்டப்போய்ப் பெரிதாக்கிய படம், எடுக்க நம்ம மாவட்டத்தில் ஆளுக்குக் குறைவில்லை. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை கீரிப்பாறைப் பக்கம் போனால் புதருக்கு ஒரு கேமரா குனிந்து நிற்கும். ஆனால் திருகாணி, பேரிங், பல்சக்கரம், பழைய காசு என்று உலோகத்தைத் தேடிப்போனவர்கள் இங்கே யார் யார்? எடுத்தவர்கள் எழுதுங்கள். செட்டிங்ஸ் மட்டும் போட்டுவிட்டுப் போகவேண்டாம். யார் கடைக்குப் போனீர்கள், படத்தைப் பார்த்து அவர்கள் என்ன சொன்னார்கள், அதுவும் வேணும்.

நானே தொடங்குகிறேன். பரதநாட்டியத்துக்குப் போடுகிற கோயில் நகை எங்கள் வடசேரியில்தான் பேர்போனது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. வெள்ளியில் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, தங்க ரேக்கு வைத்து, சிவப்புக் கல் பதிக்கிற வேலை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இன்னும் செய்கிறார். அவரிடம் ஒரு நெத்திச்சுட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் பட்டறைத் திண்ணையிலேயே எடுத்தேன்.

பளபளப்பான உலோகத்தில் தெரிவது முழுக்கச் சுற்றியிருக்கிற இடம்தான். டியூப்லைட், ஜன்னல் கம்பி, என் கட்டம்போட்ட சட்டை, நடுவில் லென்ஸின் கறுப்பு வட்டம், எல்லாம் அந்தச் சுட்டிக்குள் வரிசையாக நின்றன. ஆகவே விளக்கை நகை மேல் அடித்துப் பயனில்லை. நகை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதற்கு வெளிச்சம் கொடுக்கணும். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி நகையைச் சுற்றி நிறுத்தி, மேலே லென்ஸ் நுழைய ஓட்டை விட்டு, வெளியிலிருந்து இரண்டு எல்இடி கொடுத்தேன். கண்ணைக் குத்திய மின்னல் எல்லாம் அடங்கி வெள்ளி வெள்ளியாகத் தெரிந்தது. ஆனால் அப்படியே விட்டால் படம் சப்பென்று இருக்கும், விளிம்பு எது தரை எது என்று தெரியாது. கூம்பின் உள்பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டினேன். அந்தக் கறுப்பு, கல்லைச் சுற்றி மடக்கின விளிம்புகளில் மெல்லிய கோடாக விழுந்தது. படத்துக்கு வடிவம் வந்தது அதற்கு அப்புறம்தான்.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டுகிற போலரைசர், அந்த சிபிஎல் ஃபில்டர் போட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். தண்ணீரிலும் இலையிலும் அது வேலை செய்யும். வெறும் உலோகத்தில் செய்யாது, அதில் பட்டுத் திரும்புகிற ஒளி அப்படித் துருவப்படுவதில்லை. விளக்குக்கு முன்னாலும் ஒரு போலரைசர் தாளை ஒட்டி, லென்ஸில் இருப்பதைக் குறுக்காகத் திருப்பினால் மின்னல் போகும்தான். கூடவே வெள்ளியும் கறுத்துப்போகும்.

சரி, அந்தப் பட்டறை அண்ணாச்சி விஷயம். கேமராத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். நல்லாருக்கு, கொள்ளாம் என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. “அந்த மூணாவது கல்லுக்க இடது பக்கம் விளிம்பு தூக்கி நிக்குது, பாத்தியா மக்கா” என்றார். நகையை வாங்கிக்கொண்டுபோய் ஒரு மழுங்கின உளியால் அந்த இடத்தை அழுத்திவிட்டு வந்து, “இனி எடு” என்றார். முதலில் எடுத்த படத்தை அழிக்கச் சொல்லிவிட்டார். அழித்தேன்.

குளச்சல் வள்ளம்:

நம்ம கதை போன் கதை. பெரிய கேமரா கெடையாது, முன்னால மாட்டுற கிளிப் லென்ஸ்தான். எனக்க மச்சான் அவுட்போர்டு எஞ்சின் வேல பாக்கவர். ஒரு வள்ளத்துக்க எஞ்சின் வெள்ளனே ஸ்டார்ட் ஆகும், கடல்ல கொஞ்சம் போனா மூச்சு முட்டும். கார்ப்ரேட்டர கழத்தி, எண்ணெ போற சின்ன ஓட்டையுள்ள ஜெட்டை எடுத்து ஊதிப் பாத்தா காத்து வருது, வெயிலுக்கு நேரா பிடிச்சா ஓட்டையும் தெரியுது. சும்மா இருக்கட்டும்னு நான் போன்ல ஒரு படம் எடுத்தேன். ஓட்டைக்க உள்விளிம்பு சுத்தி பச்சையா களிம்பு, ஒரு பக்கம் கூட்டியும் ஒரு பக்கம் கொறச்சும். வட்டமா இருக்கவேண்டியது அரைநிலா மாதிரி கெடந்து.

மச்சான் அந்தப் படத்த வள்ளக்காரருக்கு வாட்ஸப்புல அனுப்பி, “ஜெட்டு மாத்தணும், நான் சொன்னா நம்பமாட்டிய, இத பாருங்க” எண்ணு போட்டாரு. மறுபேச்சு இல்லாம ரூவா வந்து. அதுக்கப்புறம் எந்த எஞ்சின் வந்தாலும் என்ன விளிக்கது வழக்கமாயிட்டு.

இன்னொண்ணும் சொல்லணும். கடல்ல கெடந்த பித்தள ஸ்குரூ ரெண்டு மூணு எடுத்து வச்சு பாத்தேன். மஞ்சளா இருக்கவேண்டிய தலையில அங்கங்க செம்பு நெறத்துல திட்டு. பித்தளையில செம்பும் துத்தநாகமும் உண்டு, உப்புத்தண்ணி துத்தநாகத்த மட்டும் தனியா எடுத்துட்டு போயிரும். மிச்சம் நிக்கது பொடிப்பொடி துளையுள்ள செம்பு, பலமே இருக்காது. கிட்டத்துல பாத்தா அந்தத் துளையெல்லாம் தெரியும். மச்சானுக்கு இதுக்க காரணம் தெரியாது, ஆனா “செவந்த ஸ்குரூவ திருப்பினா தல கையோட வரும்” எண்ணு முன்னமே சொல்லுவாரு.

தக்கலை டயல்:

ஊர்ப்பெயரைப் பார்த்ததும் பத்மநாபபுரம் அரண்மனை மணிக்கூண்டைப் பற்றி எழுதுவேன் என்று நினைப்பீர்கள். முந்நூறு வருஷப் பழசு என்று சொல்கிற கடிகாரம், இன்னும் ஓடுகிறது. ஆனால் கீழே நின்று டெலி லென்ஸில் எடுக்கத்தான் முடியும். நாகர்கோவில் மணிமேடையும் அப்படித்தான், 1893-ல் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் திறந்தது. அதன் பல்சக்கரங்களைக் கிட்டத்தில் பார்க்கணும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

நான் எடுத்தது தாத்தாவின் எச்எம்டி ஜனதா. சாவி கொடுக்கிற வாட்ச், 17 கல். கல் என்பது செயற்கை மாணிக்கம். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல அதில்தான் உட்கார்ந்திருக்கும். மார்த்தாண்டத்தில் வாட்ச் வேலை பார்க்கிற ஒருவர் பின்மூடியைத் திறந்து கொடுத்தார். அவர் மேசையில், அவர் ஐகிளாஸ் மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்க, நான் எடுத்தேன்.

கஷ்டம் ஆழத்தில் இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று பெரிதாக்கத்தில், அதாவது பொருள் சென்சாரில் தன் சொந்த அளவிலேயே விழும்போது, லென்ஸ் துவாரம் எஃப் 8-ல் இருந்தால் தெளிவாக நிற்பது ஏறக்குறைய ஒரு மில்லி. இரண்டு மடங்குக்குப் போனால் அதில் பாதி கூட நிற்காது. சரி, அந்தத் துவாரத்தை, அப்பெர்ச்சரை, எஃப் 16-க்கு மூடலாமே என்றால், ஒன்றுக்கு ஒன்றில் அது எஃப் 32 போல நடந்துகொள்ளும், துவார விளிம்பில் ஒளி சிதறிப் படம் முழுக்க மழுங்கும். அதனால் எஃப் 5.6, ஃபோகஸ் ரெயில் என்கிற நகரும் தாங்கியில் கேமராவை இம்மி இம்மியாக நகர்த்தி வரிசையாகப் படங்கள், பிறகு ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் சேர்த்து மென்பொருளில் ஒரே படமாக அடுக்குதல். ஹெலிகான், ஜெரீன் எதுவானாலும் சரி. மின்னுகிற திருகாணித் தலையைச் சுற்றி மட்டும் பேய்வட்டம் வரும். அதை அடுக்கிய பிறகு துடைப்பது பெரும்பாடு. வெளிச்சத்தை முதலிலேயே மென்மையாக்கினால் பாதி குறையும், வடசேரிக்காரன் சொன்ன கூம்புதான்.

ஓடுகிற வாட்ச்சை இப்படி அடுக்க முடியாது. முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரம் ஒரு நொடிக்கு ஐந்து முறை அடிக்கிறது, ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் நிற்கும். சாவி முழுக்கத் தீர விட்டு, அது தானாக நின்ற பிறகு எடுத்தேன். ஓட்டத்தைப் பல் பல்லாக விடுகிற எஸ்கேப் வீலில் 15 பல், கொக்கி மாதிரி வளைந்து, ஒவ்வொன்றின் நுனியும் எண்ணெய் பட்டு மின்னுகிறது.

படத்தைப் பார்த்த வாட்ச்காரர் பல்லையோ கல்லையோ கவனிக்கவே இல்லை. ஒரு திருகாணியைக் காட்டி, “இதத் திறந்தவன் வாட்ச் வேலக்காரன் இல்ல, கேட்டியளா” என்றார். தலைப்பிளவின் இரண்டு ஓரமும் பிய்ந்திருந்தது. சரியான அகலமுள்ள ஸ்குரூடிரைவர் பிளவை நிறைத்து உட்காரும், ஓரத்தைக் கிழிக்காது. கத்திமுனையோ பெரிய டிரைவரோ வைத்தால்தான் இப்படி ஆகுமாம். இன்னொரு கல்லைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம், எண்ணெய் காய்ந்த தடம். “படத்த அனுப்பித் தாரும் சாரே, மவனுக்குக் காட்டணும்” என்றார். மகனும் அதே தொழில்தான் படிக்கிறானாம்.

எடுப்பதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டுத் துடைப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத தூசி மேக்ரோவில் பாறாங்கல்லாக வந்து நிற்கும்.

சங்கு முத்திரை:

மேலே எழுதியவரின் கடைசிப் பத்தியைக் காசுக்காரர்கள் யாரும் பின்பற்றிவிடாதீர்கள். பழைய நாணயத்தைத் துடைக்கக்கூடாது, தேய்க்கவே கூடாது. காற்று ஊதுகிற பல்பு போதும். வருஷக்கணக்கில் படிந்த கருமைதான் அதன் தோல். போனால் திரும்ப வராது, விலையும் போகும்.

நான் எடுப்பது திருவிதாங்கூரின் வெள்ளிச் சக்கரம் என்கிற நாணயம். ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு என்று கணக்குப் பார்த்த ஊர் இது. மிளகை விடச் சற்றே பெரியது, விரலிடுக்கில் நழுவினால் தேடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். இத்தனை சின்னதை ஒவ்வொன்றாக எண்ண முடியாமல்தான் குழிபோட்ட பலகை வைத்திருந்தார்கள். கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்று உட்காரும், மிச்சத்தை வழித்துவிடுவார்கள், கணக்கு சரி.

இதற்குப் பக்கவாட்டு வெளிச்சம் ஒத்துவராது. முத்திரை ஆழமே இல்லாதது, தேய்ந்தும் போயிருக்கும். காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை 45 டிகிரி சாய்த்து வைத்தேன், போட்டோ ஃப்ரேம் கண்ணாடியே போதும். பக்கத்திலிருந்து கண்ணாடிக்கு வெளிச்சம் கொடுத்தால் அது நேர்கீழே காசில் இறங்கி, அதே வழியில் லென்ஸுக்குத் திரும்பும். தட்டையான இடம் வெளுப்பாகவும், சரிவு இருட்டாகவும் விழும். வெளிச்சத்தில் பெரும்பங்கு வீணாகிவிடும், அதனால் டிரைபாடும் நீண்ட ஷட்டரும் கட்டாயம்.

கொண்டுவந்து காட்டியவர் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி. அவர் மாமியாரின் சுருக்குப்பையில் கிடந்ததாம். லேப்டாப் திரை நிறைய அந்தக் காசைப் பார்த்துவிட்டு, “இதுலயா எழுத்து இருந்து? நாங்க பொத்தான்னு நெனச்சு சட்டையில தைக்கப் பாத்தோம்” என்றார். நல்லவேளை, ஊசி நுழைய ஓட்டை இல்லை.

மணவாளை மண்:

சின்ன விஷயம். லேத்துப் பட்டறையில் நுண்ணளவு பார்க்கிற டயல் கேஜ் மாட்டுகிற காந்த ஸ்டாண்டு மேக்ரோவுக்கு அருமையான சாதனம், எந்தக் கோணத்திலும் பொருளைப் பிடித்து நிறுத்தும். ஆனால் எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் அதைத் தரையில் வைத்துவிடாதீர்கள். இங்குள்ள கறுப்பு மணலில் இல்மனைட் என்கிற இரும்பு கலந்த தாது நிறைய, வலுவான காந்தம் என்றால் வந்து ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்தால் போகாது, டேப் ஒட்டி ஒட்டி எடுக்கணும். ஃபோகஸ் ரெயிலின் கிரீஸில் புகுந்தால் நகர்த்தும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பல் கூசும். மணலை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், கறுப்புக்கு நடுவில் சிவப்புச் சிவப்பாக கார்னெட் என்கிற கல்துகள். உலோகம் இல்லை, இந்தப் பேச்சில் சேராது, ஆனாலும் எடுங்கள்.

களியல் பக்கத்தான்:

எங்க வீடு ரோட்டோரம். கேரளத்துக்குக் கல் ஏத்திப் போற டாரஸ் லாரி ஒவ்வொண்ணு தாண்டும்போதும் மேசை அதிரும். ரெண்டு மடங்குல படம் எடுத்தா எல்லாம் இரட்டையா வருது. ராத்திரியும் ஓட்டம் நிக்கது இல்ல. யாராவது வழி சொல்லுங்க.

தக்கலை டயல்:

கேமராவையும் பொருளையும் ஒரே கனமான பலகையில் இறுக்கிவிடுங்கள். அதிர்ந்தால் இரண்டும் சேர்ந்து அதிரட்டும். பலகைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகள் வையுங்கள். இருட்டு அறையில் ஃபிளாஷ் மட்டும் வெளிச்சமாக இருந்தால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் பரவாயில்லை. குறைந்த பவரில் ஃபிளாஷ் எரிவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதற்குள் லாரியால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆரல் காத்து:

முப்பந்தல் பக்கம் காற்றாலை சர்வீஸில் இருக்கிறேன். ஆனி, ஆடியில் காற்று பிடித்துவிட்டால் எந்திரத்தை நிறுத்த மனசு வராது, அதனால் பெரிய வேலையெல்லாம் காற்று ஓய்ந்த மாசங்களில்தான். அப்படிக் கழற்றின கியர்பாக்ஸ் பேரிங் உருளை ஒன்று கையில் இருக்கிறது. மேல்தோல் உரிந்து சின்னச் சின்னப் பள்ளம். வடசேரி அண்ணன் சொன்ன கூம்பு போட்டுப் பார்த்தேன், பள்ளமே தெரியவில்லை, எல்லாம் ஒரே வெளுப்பு. மேலதிகாரிக்கு அளவோடு படம் அனுப்பணும். என்ன செய்ய?

வடசேரிக்காரன்:

உங்களுக்குக் கூம்பு வேண்டாம் தம்பி. நகைக்கு மின்னல் அடங்கணும், உங்களுக்குப் பள்ளத்தின் நிழல் விழணும். ஒரே ஒரு எல்இடியை உருளையின் நீளவாக்கில் ஒரு நுனியிலிருந்து, மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி ரொம்பத் தாழ்வாக வையுங்கள். வளைவுக்குக் குறுக்காக அடித்தால் ஒரு பக்கம் முழுக்க இருட்டாகிவிடும். கிரீஸைத் துடைத்துவிட்டு எடுங்கள், ஆனால் முதலில் துடைக்காமலும் ஒன்று எடுத்து வையுங்கள். கிரீஸில் மின்னுகிற இரும்புத்துகள் இருந்தால் அதையும் கேட்பார்கள்.

அளவுக்கு, அரை மில்லிக் கோடுள்ள ஸ்டீல் ஸ்கேலை உருளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பள்ளம் இருக்கிற உயரத்துக்கே அட்டை கொடுத்துத் தூக்குங்கள். தரையில் படுக்க வைத்தால் ஸ்கேல் மங்கும், லென்ஸிலிருந்து தள்ளியிருப்பதால் கோடுகளும் சின்னதாகத் தெரியும், பள்ளம் உள்ளதை விடப் பெரிதாகக் கணக்கில் வந்துவிடும். உருளையின் எந்த நுனி எந்தப் பக்கம் இருந்தது என்று மார்க்கரில் எழுதி, அந்த எழுத்தும் ஒரு படத்தில் விழட்டும்.