பிறையும் வெள்ளியும்: நிலவின் இருண்ட பகுதி படத்தில் விழவில்லை

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலிலிருந்து, அந்திவானில் பிறைநிலவும் வெள்ளியும் நெருங்கி நிற்பதைப் படமெடுக்க முயல்கிறேன்.

கேனன் 1300டி கேமராவில் 250 மி.மீ. குவியத்தூரம், லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 400 வைத்து 1/125 வினாடியில் எடுத்தால் இரண்டும் தெளிவாக விழுகின்றன. ஆனால் பூமியிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும் நிலவின் எஞ்சிய வட்டம், வெறுங்கண்ணுக்கே தெரிந்தும், படத்தில் இல்லை. 2 வினாடிக்கு நீட்டினால் அவ்வட்டம் வருகிறது, பிறை வெளுத்துவிடுகிறது, வெள்ளியோ சிறு கோடாக இழுபடுகிறது. முக்காலியும் டைமரும் பயன்படுத்தினேன். பூமியின் சுழற்சியை அவை என்ன செய்யும்? ஐஎஸ்ஓவை 3200க்கு உயர்த்தினால் படமெங்கும் புள்ளிகள். வானம் இருண்டபின், செம்பனை மட்டைகளுக்குப் பின்னால் இரண்டும் விரைவில் இறங்கிவிடுகின்றன.

வானைப் பின்தொடரும் மோட்டார் தாங்கி இல்லாமல், இவ்விரு படங்களையும் ஒட்டியது தெரியாதபடி இணைக்க எந்த முறை ஏற்றது?